லாமர் கேட்ட இரண்டாவது பாத்ரூம்

வெல்டா ஷ்ராக் இருபத்தேழு வருஷம் டாய்லெட் மாட்டிச் சம்பாதித்தவள். இந்தியானாவின் வடக்கே, கோஷன் ஊருக்கு வெளியே சோளக்கொல்லைகளை ஒட்டி நிற்கும் ஆர்.வி. தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. பிக்கப் வண்டிக்குப் பின்னால் கோத்து ஊர் ஊராக இழுத்துப் போகும் வீடுகளை அங்கே கட்டினார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசை நகர ஆரம்பிக்கும். எத்தனை வண்டி முடிகிறதோ அதற்குத்தான் கூலி என்பதால் மத்தியானம் ஒன்றரை மணி வரை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

அந்த அவசரத்தில் எதெல்லாம் விட்டுப்போகும் என்று வெல்டாவுக்குத் தெரியும். ஸ்பானர் போட்டு முறுக்க வேண்டிய நட்டை விரலால் திருகிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். குழாய் நுழைகிற ஓட்டை பெரிதாகிவிட்டால் மேலே ஒரு பலகையை வைத்து மூடிவிடுவார்கள். அவளே அப்படிச் செய்த நாட்களும் உண்டு. அதனால் புது வண்டி எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஆசை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யாராவது சர்ச் வாசலில் தங்கள் புது வண்டியைக் காட்டினால், மற்றவர்கள் சோபாவைத் தடவிப் பார்ப்பார்கள். வெல்டா குளியலறைக்குப் போய் முட்டி போட்டு, கைகழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மோந்து பார்ப்பாள். வெளியே வந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். வண்டிக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். பூசி மெழுகியிருக்கிற இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் யோசிப்பாள்.

அவள் சந்தேகப்பட்டே இராத ஆள் என்றால் அது கணவன் லாமர் மட்டும்தான். நாற்பது வருஷம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி வந்த டேங்கர் டிரைவர். நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். இது வேண்டும் என்று எதையும் கேட்டவன் இல்லை. இருவரும் ஓய்வுபெற்ற அந்த வருஷம், பனிக்காலத்தை டெக்சஸில் கழிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். நல்லதாக ஒரு பழைய வண்டி, இரண்டு பேருக்குப் போதுமான அளவில் வாங்கலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம், தட்டில் உருளைக்கிழங்கு மசியல் மேல் நூடுல்ஸைப் போட்டுக்கொண்டே லாமர் சொன்னான்:

"ரெண்டு பாத்ரூம் இருக்கற வண்டியா பாப்போமே."

வெல்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"இருந்தா நல்லதுதானே."

"இந்த வீட்டுல முப்பத்தாறு வருஷமா ஒண்ணுதான் இருக்கு. மூணு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு காலைல வரிசைல நின்னோம். அப்ப தோணல உனக்கு?"

"அப்ப முடியல."

"லாமர், ஒவ்வொரு டாய்லெட்டுக்கும் தரையில ஒரு ஓட்டை போடணும். ஓட்டை இருந்தா ஒழுகும். ரெண்டு இருந்தா ரெண்டு தொட்டி நிறையும். அதுல குழாய மாட்டி யாரு காலி பண்றது?"

"நான் பண்றேன்."

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. பேரப்பிள்ளையின் டயப்பரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போகிற ஆள் அவன். ஊராரின் கழிவுத் தொட்டி நாற்றத்தைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து போய்விடுவான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வருகிறது என்றால் அதற்கு அடியில் ஏதோ இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் கவனிக்கத் தொடங்கினாள். லாமரின் கைபேசி அடித்தால் முன்பெல்லாம் அதை அவளிடமே நீட்டி, "யாருன்னு கேளு" என்பான். இப்போது எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். திரும்பி வரும்போது காது சிவந்திருந்தது. மூன்று வாரத்தில் மூன்று தடவை. யார் என்று கேட்டால், "சும்மா" என்றான். சும்மா பேசுகிற பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பிறகு வண்டி பார்க்கப் போனார்கள். விற்பனை செய்பவன் பெயர் ப்ரென்ட். பல் வரிசை முழுவதும் தெரியச் சிரித்தான். வெல்டா அவனை நம்பவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"இப்பல்லாம் எல்லாரும் ரெண்டு பாத்ரூம்தான் மேடம் கேக்கறாங்க. ஒரு தடவ பழகிட்டீங்கன்னா ஒண்ணுக்குத் திரும்பவே மாட்டீங்க."

"எல்லாரும்னா யாரு? பேரு சொல்லுங்க."

ப்ரென்ட் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு லாமர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லாமர் பிடித்து வைத்திருந்த வண்டி முப்பத்து மூன்று அடி. முன்பக்கம் படுக்கையறையும் பெரிய குளியலறையும். நடுவில் சமையல், உட்காரும் இடம். பின்பக்கம் ஒரு சின்ன அறை, ஒற்றைக் கட்டில். அதை ஒட்டி இரண்டாவது பாத்ரூம். ஒரு டாய்லெட், ஒரு கைகழுவும் தொட்டி, சின்ன ஜன்னல், அவ்வளவுதான். அந்தப் பின்னறைக்கு வெளியிலிருந்து தனியாக ஒரு கதவும் இருந்தது.

வெல்டா அந்தக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒற்றைக் கட்டில், தனி பாத்ரூம், தனி வாசல். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வெர்னன் வருகிறான்.

வெர்னன் லாமரின் தம்பி. 2008இல் வண்டிகள் விற்காமல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது வெல்டாவுக்கும் கொஞ்ச காலம் வேலை இல்லாமல் போனது. அந்தக் குளிர்காலத்தில்தான், ஒஹையோவில் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் தங்கிப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்து இறங்கினான். பதினான்கு மாதம் இருந்தான். காலையில் செய்தித்தாளோடு உள்ளே போனால் முக்கால் மணி நேரம். தாடி மயிரைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வருவான். வெல்டாவின் துண்டில் முகம் துடைப்பான். சாப்பிடும்போது, "ஆப்பிள் பை மாவு கொஞ்சம் கெட்டி, வெல்டா" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது துண்டு எடுப்பான். லாமர் ஒரு நாள்கூட அவனிடம் எப்போது போகிறாய் என்று கேட்கவில்லை. அம்மா சாகும்போது தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாளாம். கடைசியில் அவனே வேறொரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு ஃப்ளோரிடா பக்கம் போனான். அந்தப் பெண்ணும் இந்தக் கோடையில் அவனை விட்டுப் போய்விட்டாள் என்று வெல்டாவின் மகள் ஜனெல் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு வண்டியை முடிவு செய்யாமலே கிளம்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியில், லாமர் சின்ன பாத்ரூமைப் பற்றி, "ஜன்னல் இருக்கு, வெளிச்சம் நல்லா வருது" என்றான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவுக்குள் வெர்னன் குனிந்து நுழைவது கண்ணில் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆப்பிள் கூழ் போடுகிற நாள். சமையலறை மேசை நிறைய வெந்த ஆப்பிள். வெல்டா அள்ளிப் போடப் போட, லாமர் சல்லடை எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினான். தோலும் விதையும் ஒரு பக்கம், கூழ் ஒரு பக்கம் விழுந்துகொண்டிருந்தது. கை வேலையாக இருக்கும்போது லாமர் எழுந்து போக முடியாது. அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"வெர்னன் எப்ப வர்றான்?"

கைப்பிடி நின்றது. மறுபடி சுற்றியது.

"வரல."

"பொய் சொல்லாத. கொட்டகைல நின்னு அவன்கூடத்தான பேசிட்டிருந்த?"

"ஆமா. கேட்டான். டெக்சஸுக்கு நானும் வரட்டுமான்னு கேட்டான்."

"நீ?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

வெல்டா சிரித்துவிட்டாள், நல்ல சிரிப்பாக இல்லை. "நீ? வெர்னன்கிட்ட? பதினாலு மாசம் என் துண்டுல மூஞ்சி தொடச்சான். ஒரு வார்த்தை கேக்கல நீ."

"அப்ப கேக்கல. தப்புதான்."

"அப்ப அந்தப் பின்னறை யாருக்கு? ரெண்டாவது பாத்ரூம் யாருக்கு? எனக்குத் தெரியணும், லாமர். இருபத்தேழு வருஷம் அதத்தான் மாட்டினேன். யாரு உக்காரப் போறாங்கன்னு தெரியாமலே மாட்டினேன். இத மட்டும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்குவேன்."

லாமர் கைப்பிடியை விட்டான். ஏப்ரனில் கையைத் துடைத்தான். பேச ஆரம்பிப்பதற்கு முன்பு அவனுக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் ஆகும்.

"உனக்கு" என்றான்.

"எனக்கா?"

"நீ ஃபேக்டரி விட்டு ரெண்டு மணிக்கு வருவ. நேரா பாத்ரூம் போய்த் தாழ்ப்பாள் போடுவ. தண்ணியத் திறந்து விடுவ. முக்கால் மணி நேரம் ஓடும்."

"குளிப்பேன். உடம்பெல்லாம் பசை நாத்தம்."

"குளிச்சா சுடுதண்ணி வேணும். கீழ் அறைல என் வேலை மேசைக்குப் பக்கத்துலதான் தண்ணி சூடாக்கற பாய்லர் இருக்கு. சுடுதண்ணி எடுத்தா பத்து நிமிஷத்துல அது குப்புனு பத்திக்கும். உன் தண்ணி அரை மணி நேரம் ஓடினாலும் அது பத்தாது. கடைசி அஞ்சு நிமிஷம்தான் பத்தும். அதுக்கு முன்னாடி நீ பச்சத் தண்ணிய ஓட விட்டுட்டு சும்மா உக்காந்திருந்த."

வெல்டாவின் கழுத்திலிருந்து சூடு ஏறியது. அது உண்மை. குளியல் தொட்டியின் விளிம்பில், ஷூவைக்கூடக் கழற்றாமல் அவள் உட்கார்ந்திருப்பாள். அழுததில்லை, ஜெபம் செய்ததில்லை, எதையும் நினைத்ததுகூட இல்லை. யாரும் கூப்பிடாத இடத்தில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் ஓடினால் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பதற்காகக் குழாய். இதை அவள் சொந்தத் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

"எத்தன வருஷமா தெரியும்?"

"ஜனெல் பொறந்ததுலேர்ந்து."

"வேவு பாத்தியா என்ன?"

"காது இருக்கு. நான் என்ன பண்ண?"

"இத்தன வருஷமா வாயத் திறக்கல."

"திறந்திருந்தா நீ போறத விட்டிருப்ப." அவன் மறுபடி கைப்பிடியைப் பிடித்தான். "அந்த வண்டில நாலு மாசம். சின்ன இடம். ஒரே பாத்ரூம்னா நான் கதவத் தட்டிக்கிட்டே இருப்பேன். ராத்திரி பகல் எனக்கு அடக்க முடியறதில்ல இப்பல்லாம். நீ எங்க போவ?"

வெல்டா அடுத்த கரண்டி ஆப்பிளை எந்திரத்தில் போட்டாள். மீதி ஆப்பிள் முழுவதையும் அரைத்து முடித்தார்கள்.

நம்பினாளா என்றால், பாதி. அவ்வளவு அழகாகப் பொருந்துகிற காரணம் எதையும் அவள் முழுதாக நம்பியதில்லை. திங்கட்கிழமை லாமர் முடிவெட்டப் போனதும், ஃப்ளோரிடாவுக்குப் போன் போட்டாள்.

"வெர்னன், நான் வெல்டா."

"ஓ, நீயா." அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. "சந்தோஷமா இப்ப?"

"எதுக்கு?"

"எதுக்கா? மூணு தடவ கேட்டேன் உன் புருஷன்கிட்ட. கடைசி தடவ கெஞ்சாத குறை. இடமில்ல, இடமில்லன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்றான். ரெண்டு பாத்ரூம் வண்டி பாக்கறானாம், இடமில்லையாம். அவனா பேசறான்? நீ சொல்லிக் குடுத்ததுதான்னு தெரியாதா எனக்கு."

"நான் ஒண்ணும் சொல்லல."

"ம்."

"நிஜமா சொல்லல, வெர்னன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் அடியோடு நின்றது. பிறகு, "அப்படின்னா அவனேதான் சொன்னானா?" என்றான். அந்தக் குரலில் இருந்த வலி அவளுக்கே கேட்டது. பதினான்கு மாதக் கோபத்தில் ஒரு துளி அங்கே உதிர்ந்தது. ஆனாலும் வா என்று சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளே லாமரிடம், "வா, அந்த வண்டிய இன்னொரு தடவ பாப்போம்" என்றாள்.

இந்தத் தடவை அவள் பழைய ஜீன்ஸும் டார்ச் லைட்டுமாகப் போனாள். அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் போட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்து போனாள். முன்பக்கக் குளியலறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாரோ பொறுப்பான கை. பின்பக்கச் சின்ன பாத்ரூமில் டாய்லெட்டின் இரண்டு பக்கமும் கையை வைத்து அசைத்தாள். ஆடியது. ஒரு நட்டு விரலால் திருகியதோடு சரி. தரையில் அதைச் சுற்றிக் குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் ஊறவில்லை, ஆனால் ஊறும்.

"அதெல்லாம் ஒரு நிமிஷ வேலை மேடம், நாங்க முறுக்கிக் குடுத்துடறோம்" என்றான் ப்ரென்ட். சிரிப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

"யாரும் தொட வேணாம். நானே பாத்துக்கறேன்."

இந்தக் குறையைச் சொல்லியே விலையை நன்றாகக் குறைக்க வைத்தாள். லாமர் வாசலில் நின்று பறவை பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள், வெல்டா கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சின்ன பாத்ரூமுக்குள் போனாள். தண்ணீர்க் குழாயைத் துண்டித்து முனையில் அடைப்பான் போட்டாள். இரண்டு நட்டையும் கழற்றி, டாய்லெட்டைத் தூக்கி வெளியே புல்லில் வைத்தாள். தரையிலிருந்த ஓட்டையை மூடி, ரப்பர் வளையம் வைத்து, நான்கு திருகு போட்டு இறுக்கினாள். அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் ஒரு துண்டுக் கம்பளம். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் மாட்டியவள் கழற்றியது அதுதான் முதல் தடவை. நாற்பது நிமிடம் ஆனது.

லாமர் வந்து புல்லில் உட்கார்ந்திருந்த டாய்லெட்டைப் பார்த்தான். "ரெண்டாவது பாத்ரூம் வேணும்னு வாங்கினோமே."

"கதவு வேணும், ஜன்னல் வேணும். டாய்லெட் எதுக்கு? ஒழுகறதுக்கா?"

"எனக்கு அவசரம்னா?"

"முன்னாடி இருக்கறது முழுக்க உனக்குத்தான். நீ உள்ள இருந்தா நான் கதவத் தட்ட மாட்டேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது சரிதான்" என்று சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்த முதுகு உயர்ந்த நாற்காலியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். முழங்கால் சுவரில் இடித்தது. சின்ன நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்தான்.

டெக்சஸின் தெற்கு மூலையில், ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே இருந்த இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதல் இரண்டு வாரம் அந்த அறை வெல்டாவுக்கு ஒத்துவரவில்லை. கதவைச் சாத்தி உட்காருவாள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். ஒளிந்து உட்கார்வது ஒன்று, ஒருவன் தெரிந்தே கொடுத்த இடத்தில் உட்கார்வது இன்னொன்று. குழாயைத் திறக்கவும் முடியாது, தண்ணீர்த் தொட்டி சின்னது. ஐந்தே நிமிடத்தில் எழுந்து வெளியே வந்துவிடுவாள்.

ஒரு நாள் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். லாமர் வண்டிக்குள் இல்லை. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, பாதை தாண்டி, அஞ்சல் பெட்டிகள் இருக்கும் இடத்துக்குப் போய், வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அங்கே நிழல்கூட இல்லை. அடுத்த நாளும் பார்த்தாள். அடுத்த நாளும் அங்கேதான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் எழுந்து போயிருக்கிறான். வெயிலில் அவன் கழுத்து சிவந்திருந்தது. அன்றைக்கு மத்தியானம் அவனுக்கு ஒரு அகலத் தொப்பி வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் அவன் அதைப் போட்டுக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தான். அதன்பிறகு அவள் உட்காரும் நேரம் நீண்டது. திரையை விலக்கிப் பார்க்கிற பழக்கம் மட்டும் குறையவே இல்லை.

பிப்ரவரியில், பக்கத்து வண்டிக்கு ஐயோவாவிலிருந்து பெர்னிஸ் என்ற பெண்ணும் அவள் கணவன் ட்வேனும் வந்தார்கள். பெர்னிஸ் பேச்சுக்காரி. வெல்டா தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும், காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கதான் சொல்லணும் வெல்டா. அடுத்த வருஷம் வண்டிய மாத்தலாம்னு இருக்கோம். ரெண்டாவது பாத்ரூம் தேவையா, வீணா? எனக்கு ஒண்ணும் புரியல."

"யாரு கேட்டா? நீங்களா, அவரா?"

"அவருதான். ரெண்டு மாசமா அதே பேச்சு."

வெல்டா எதிரே பார்த்தாள். ட்வேன் தன் வண்டியின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சாதாரணமாகத்தான் தெரிந்தான்.

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"இல்லையே. இருந்தா நல்லதுன்னு சொன்னாரு."

"கேளுங்க" என்றாள் வெல்டா. "அவரு கைல ஏதாவது வேலையக் குடுத்து உக்கார வெச்சுட்டு, அப்புறம் கேளுங்க."

பெர்னிஸ் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகம் ஏறுவதை வெல்டா கவனித்தாள். பிறகு எழுந்து, இன்னும் கொஞ்சம் காபி ஊற்றப் போனாள்.